அடுப்படியில் ஏன் மூச்சு வாங்குகிறது?

வட்டவளையில் மூச்சு வாங்கினால் மலையைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் உயரத்தால் வரும் மூச்சுத்திணறல் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். வட்டவளையோ ஏறத்தாழ 1,000 மீட்டர். உங்கள் லயத்து அடுப்பைப் பாருங்கள். ஓயாத மழையில் நனைந்த விறகு எரியாமல் புகைகிறது. குளிருக்குக் கதவும் சாத்தியிருக்கிறது. ஊதுகுழலுக்குள் சாம்பல் அடைத்தால் எவ்வளவு ஊதினாலும் காற்று போகாதல்லவா? புகையால் வீங்கி, சளி கட்டிய மூச்சுக்குழாயும் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் புகைதானா என்றால், இல்லை. ஆஸ்துமா, நிமோனியா, இரத்தச்சோகை என்று எதுவும் இருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டி, காலும் வீங்கினால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். அதனால் கைமருந்திலேயே நாளைக் கடத்தாதீர்கள். பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சிழுக்கும்போது குழந்தையின் விலா உள்ளே ஒடுங்கினால், விடியட்டும் என்று இருக்காமல் 1990-ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.