கொழுப்பு குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?



"என்னங்க, ரிப்போர்ட்டில் கொழுப்பு குறைஞ்சு போச்சுன்னு போட்டிருக்கே. இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" மாரடைப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு கிண்டியிலிருந்து ஊர் திரும்பியவர் வீட்டில் என்றாவது இந்தப் பேச்சு எழும். நெஞ்சு வலி இல்லை; வயலுக்கும் போய் வருகிறார். மாத்திரை டப்பா பரணுக்கு ஏறிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் அம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், 2023 ஜூன் 15 முதல் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை நடந்துவருகிறது. இது அரசு ஆஸ்பத்திரி; இருதய நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தால், அந்த ஒரு அடைப்புதான் சரியாகும். மற்ற குழாய்களின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும். மாத்திரை அதற்காகத்தான்.

இந்தக் கொழுப்பு சாப்பாட்டால் மட்டும் வருவதல்ல. பெரும்பகுதியை நம் கல்லீரலே செய்கிறது. ஆகவே ஒல்லியானவருக்கும், கறி மீன் தொடாதவருக்கும் ஏறலாம். ஸ்டாட்டின் வகை மாத்திரை கல்லீரலின் அந்த வேலையைக் குறைக்கிறது. இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பையும் கல்லீரல் இழுத்துக்கொள்ளும்படி செய்கிறது. (இதன் முதல் மருந்தை 1973-ல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்!) மாத்திரையை விட்டால் கல்லீரல் பழையபடி ஆரம்பித்துவிடும். சில வாரங்களில் கொழுப்பு பழைய அளவுக்கே ஏறிவிடும். ரிப்போர்ட்டில் அளவு குறைந்தது நோய் போனதால் அல்ல, மாத்திரை வேலை செய்வதால்.

"பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 95 இருக்கு, டாக்டர் ஒண்ணும் சொல்லலை. எனக்கு 80தான், டோஸைக் கூட்டுறாரே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டாக்டர் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, ஆளையும் பார்க்கிறார். இந்திய இருதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு, ஆபத்து குறைந்தவருக்கு 100-க்குக் கீழே இருந்தால் போதும். சர்க்கரை வியாதியோ இரத்தக் கொதிப்போ உள்ளவருக்கு 70-க்குக் கீழே வரவேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 55-க்குக் கீழே. மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்தில் மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். போதவில்லை என்றால் டோஸைக் கூட்டுவார்கள், அல்லது எசெட்டிமைப் என்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள். வெகு சிலருக்கே ஊசி தேவைப்படும்.

இந்த மாத்திரைக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதில் 8 கொழுப்பு மாத்திரைகள். (வீட்டில் நீங்களாக இப்படிச் சாப்பிடக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.)

பீடி, சிகரெட்டை விட்டே ஆகவேண்டும். பொரித்த எண்ணெயில் மறுபடி பொரிப்பதும் வனஸ்பதியும் வேண்டாம். ஆனால் பத்தியம் இருக்கிறோமே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

சிலருக்குத் தசை வலி வரும். தாங்க முடியாத வலியோ, சிறுநீர் கறுத்துப் போவதோ இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். லேசான வலி என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள்; டோஸைக் குறைக்கவோ மாத்திரையை மாற்றவோ வழி உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பெற எண்ணியிருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ, பால் கொடுத்துவந்தாலோ, ஸ்டாட்டின் சாப்பிடுவதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்தில் பொதுவாக இதை நிறுத்தச் சொல்வார்கள்.

அப்பாவுக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மாவுக்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் கொழுப்பு அளவைப் பார்த்துவிடுவது நல்லது. மாத்திரை தீர இன்னும் ஐந்து நாள் இருக்கும்போதே, சீட்டை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வந்துவிடுங்கள். அவர் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள், அம்மா. நீங்கள் மறந்தால் அவர்.