மலை உதவுமா, மிரட்டுமா? 400 ஆண்டுகளாகப் பாடகர் குழுக்களைச் சுற்றவைக்கும் 121-ம் சங்கீதம்!

மலையைப் பார்த்தால் நிம்மதி வருமா, பயம் வருமா? கொடைக்கானலுக்கு டூர் வருபவரைக் கேட்டால் நிம்மதி என்பார். இரவில் தோட்டத்துக்குள் யானை இறங்கிவிடுமோ என்று விழித்திருக்கும் பேத்துப்பாறை விவசாயியைக் கேட்டால், பதில் அவ்வளவு சுலபமாக வராது.

பைபிளின் 121-ம் சங்கீதம் தொடங்குவதும் இப்படி ஒருவர் மலையை நிமிர்ந்து பார்ப்பதில்தான். மொத்தம் எட்டே வசனங்கள். பழைய தமிழ் பைபிள் இதை 'ஆரோகண சங்கீதம்' என்கிறது. ச ரி க ம நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆனால், இங்கே ஆரோகணம் என்பது மேடேறிச் செல்வது. எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள் பாடியது என்பது மரபு.

சிக்கல் முதல் வசனத்திலேயே இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தால், உதவி மலையிலிருந்தே வருவதுபோலத் தோன்றும். பொது மொழிபெயர்ப்பிலோ அது கேள்வி: மலையைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும்? எபிரேய மூலத்தில் இருப்பதும் கேள்விச் சொல்தான். அடுத்த வசனம் பதில் சொல்கிறது. உதவுவது மலை அல்ல, அதைப் படைத்தவர்.

ஜெர்மனியின் மார்ட்டின் லூதரும் பழைய தமிழ் பைபிளைப்போலத்தான் மொழிபெயர்த்தார். அந்த வரிகளுக்கு 1619-ல் இசையமைத்தார் ஹென்ரிக் ஷூட்ஸ். ஒரு குழு பாட, இன்னொரு குழு பதில் கொடுக்கும் பாணி அவருடையது. மலையில் எதிரொலி கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மெண்டல்சன் 1846-ல் பர்மிங்காமில் அரங்கேற்றிய 'எலியா'வில் இதே சங்கீதம் தேவதூதர்கள் பாடும் பாட்டாகிறது. முதலில் இரண்டு குரல்கள். மறு ஆண்டு அதை வாத்தியமே இல்லாத மூன்று பெண் குரல்களாக மாற்றினார். அந்த மூன்று குரல்களைக் கேட்டால் மலைமீது பயமே வராது.

பயத்தையும் துக்கத்தையும் கேட்க வேண்டுமானால் ஹெர்பர்ட் ஹோவெல்ஸிடம் போக வேண்டும். 1932-ல் இந்த இங்கிலாந்து இசையமைப்பாளர் எழுதிய இரங்கல் இசையில் 121-ம் சங்கீதமும் உண்டு. 1935-ல் அவருடைய ஒன்பது வயது மகன் மைக்கேல் போலியோவில் இறந்துபோனான். அதே இசையிலிருந்து இழைகளை எடுத்து, 'ஹிம்னஸ் பாரடைசி' என்ற பெரிய படைப்பை உருவாக்கினார். காப்பாற்றுவார், காப்பாற்றுவார் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் சங்கீதம் அதிலும் இருக்கிறது. பல ஆண்டுகள் வெளியே காட்டாமல் வைத்திருந்த அந்தப் படைப்பு, 1950-ல்தான் குளோஸ்டர் பேராலயத்தில் ஒலித்தது.

சரி, தமிழில்? 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறிய அமெரிக்க மதுரை மிஷனுக்கு இதில் பங்கு உண்டு. அதைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைத் தொகுத்து 1853-ல் அச்சிட்டார். மேற்கத்திய மெட்டுகளோடு கீர்த்தனைகளும் தேவாலயங்களில் வேரூன்ற அது வழிவிட்டது.

121-ம் சங்கீதத்துக்கும் ஒரு கீர்த்தனை இருக்கிறது: 'கண்களை ஏறெடுப்பேன்'. அதன் பல்லவியில் மலைக்குப் பெயர் மேரு! நம்மூர் புராண மலையையே கூப்பிட்டுவிட்டார்கள். அனுபல்லவியிலேயே உதவி யாரிடமிருந்து என்ற பதிலும் வந்துவிடுகிறது. ஆனால், கீர்த்தனையின் விதி வேறு. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். பதில் கிடைத்த பிறகும், பாடுகிறவர் மறுபடி மலையைத்தான் பார்க்கிறார்.