உப்பில் மூலக்கூறு இல்லை

சமையல் உப்பு எனப்படும் சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில்தான் உருகுகிறது. அது கொதித்து ஆவியாவதற்கு 1400 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். பனிக்கட்டியோ 0 டிகிரியிலேயே நீராகிவிடுகிறது. உறைந்த கார்பன் டை ஆக்சைடு திரவமாகாமலே மைனஸ் 78 டிகிரியில் வாயுவாக மாறிவிடுகிறது. பள்ளிப் பாடநூல்களில் பருப்பொருளின் நிலைகள் ஓர் அத்தியாயத்திலும் வேதிப்பிணைப்பு இன்னோர் அத்தியாயத்திலும் இடம்பெறுவதால், ஒன்று மற்றொன்றை விளக்கும் பாடம் என்பது மாணவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஒரு பொருள் எந்த வெப்பநிலையில் திண்மமாக, திரவமாக, வாயுவாக இருக்கும் என்பதை அதன் துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த ஈர்ப்பின் இயல்பை அறிவதற்கு உப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரானும் குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்களும் உள்ளன. சோடியம் தன் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகவும், குளோரின் அதைப் பெற்று எதிர்மின் அயனியாகவும் மாற, எதிரெதிர் மின்சுமை கொண்ட அவ்விரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதே அயனிப் பிணைப்பு என்று வகுப்பறையில் கற்பிக்கப்படுகிறது. இந்த விளக்கம் தவறானதன்று. ஆனால் சோடியம் எலக்ட்ரானை இழக்க விரும்புகிறது, குளோரின் அதைப் பெற விரும்புகிறது, ஆகவே உப்பு உருவாகிறது என்று அதைச் சுருக்கும்போது ஆற்றல் கணக்கு பிழையாகிவிடுகிறது.

வாயு நிலையிலுள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும். இது அயனியாக்கும் ஆற்றல் எனப்படும். அவ்வெலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல், அதாவது எலக்ட்ரான் நாட்டம், 349 கிலோஜூல் மட்டுமே. ஆகவே எலக்ட்ரான் இடம்பெயர்வதால் மட்டும் 147 கிலோஜூல் இழப்பே மிஞ்சுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்து பெரும் ஆதாயத்தையும் தருவது அயனிகள் ஒன்றையொன்று நெருங்கிச் சேரும் நிகழ்வே. ஒரு மோல் அயனிகள் இரண்டிரண்டாக மட்டும் இணைந்தால் ஏறத்தாழ 555 கிலோஜூல் வெளிப்படும்; அவையே படிகமாக அடுக்கப்பட்டால் 787 கிலோஜூல் வெளிப்படும். பின்னது படிகக்கூடு ஆற்றல் எனப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சுமார் 230 கிலோஜூல் வேறுபாடுதான் உப்பு அறை வெப்பநிலையில் வாயுவாக இல்லாமல் திண்மமாக இருப்பதற்குக் காரணம்.

அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை, மின் ஈர்ப்புக்குத் திசை கிடையாது என்பதில் அடங்கியுள்ளது. சகப்பிணைப்பில் இரு அணுக்கள் குறிப்பிட்ட எலக்ட்ரான்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதால், இன்ன அணு இன்ன அணுவோடு பிணைந்துள்ளது என்று சுட்டிக்காட்ட முடியும். சோடியம் அயனியோ தன் எலக்ட்ரானைப் பெற்ற ஒரு குளோரைடு அயனியை மட்டுமின்றி, எட்டும் தொலைவிலுள்ள எல்லாக் குளோரைடு அயனிகளையும் ஈர்க்கிறது. சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மேலும் கீழுமாக முப்பரிமாணத்தில் நீட்டினால் கிடைப்பதைப் போன்ற உப்புப் படிகத்தில், ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடியம் அயனிகளும் சம தொலைவில் சூழ்ந்துள்ளன. அந்த ஆறில் ஒன்றைத் தனியாகச் சுட்டி, அதனோடு சேர்ந்ததே உப்பின் மூலக்கூறு என்று கூற எந்த ஆதாரமும் இல்லை. சோடியமும் குளோரினும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உள்ளன என்பதை மட்டுமே உப்பின் வாய்பாடு தெரிவிக்கிறது.

இந்த முடிவை வேதியியலாளர்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. உப்புகள் நீரில் கரையும்போது அயனிகளாகப் பிரிகின்றன என்னும் கருத்தை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1880களில் முன்வைத்தபோது, உப்ஸாலா பல்கலைக்கழகம் அவரது ஆய்வேட்டுக்குத் தாழ்ந்த தரத்தையே வழங்கியது. 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1913இல் லாரன்ஸ் பிராக், படிகங்களின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அவை சிதறும் பாங்கைக் கணக்கிட்டு, திண்ம உப்பிலேயே தனித்தனி மூலக்கூறுகள் இல்லை என்பதைக் காட்டினார். அவரும் அவருடைய தந்தை வில்லியம் ஹென்றி பிராக்கும் 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதன் பிறகும், 1927இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், மூலக்கூறு இல்லாத உப்பு என்னும் கருத்து அறிவுக்குப் பொருந்தாதது என்று கண்டித்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மூலக்கூறு என்னும் கருத்தைக் கொண்டே கரிம வேதியியல் மாபெரும் வெற்றிகளைக் கண்டிருந்த காலத்தில், எல்லாப் பொருள்களுக்கும் அது பொருந்தும் என்று நம்பியவர்களுக்கு அதைக் கைவிடுவது எளிதாக இருக்கவில்லை.

உப்பு உருகும்போது நிகழ்வதும் இந்தப் புரிதலின் வழியே தெளிவாகிறது. ஒரு மோல் உப்பை உருக்க அதன் உருகுநிலையில் தேவைப்படும் ஆற்றல் சுமார் 28 கிலோஜூல்தான். படிகக்கூடு ஆற்றலோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய பங்கு. அதாவது, உருகும் உப்பில் அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு அறுந்துவிடுவதில்லை. அவற்றின் ஒழுங்கான அடுக்கே குலைகிறது. பருமன் ஏறத்தாழ கால் பங்கு கூடுவதால் இடைவெளிகள் உண்டாகி, அயனிகள் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர வழி கிடைக்கிறது. திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்தாததற்கும் உருகிய உப்பு நன்றாகக் கடத்துவதற்கும் இதுவே காரணம். இரு நிலைகளிலும் மின்சுமைகள் இருக்கின்றன, உருகிய நிலையில்தான் அவை நடமாட முடிகிறது. 1807இல் ஹம்ப்ரி டேவி உருகிய சோடியம் ஹைட்ராக்சைடில் மின்சாரத்தைச் செலுத்தி முதன்முதலாகச் சோடியம் உலோகத்தைப் பிரித்தெடுத்தது இந்த இயல்பைக் கொண்டுதான். இன்றைய தொழிற்சாலைகள் உப்போடு கால்சியம் குளோரைடைக் கலந்து, உருகும் வெப்பநிலையை 600 டிகிரி அளவுக்குக் குறைத்து அதே மின்னாற்பகுப்பை நடத்துகின்றன.

ஆவி நிலையில் மட்டும் நிலைமை மாறுகிறது. மிக உயர்ந்த வெப்பநிலையில் உப்பு ஆவியாகும்போது, ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சேர்ந்த இணைகளும், அத்தகைய இணைகள் இரண்டு சேர்ந்த சிறு தொகுதிகளும் உருவாகின்றன. வகுப்பறைக் கரும்பலகையில் வரையப்படும் உப்பு மூலக்கூறு உண்மையில் இருப்பது அந்த அனல் ஆவியில்தான்.

ஆயிரம் டிகிரியை எட்டும் வெப்பத்தாலும் முழுமையாகப் பிரிக்க முடியாத அயனிகளை அறை வெப்பநிலையிலுள்ள நீர் பிரித்துவிடுகிறது. நீர் மூலக்கூறின் ஒருபுறம் சிறிதளவு நேர்மின்சுமையும் மறுபுறம் சிறிதளவு எதிர்மின்சுமையும் இருப்பதால், நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொண்டு, அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பை ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. படிகத்தைக் குலைப்பதற்கு ஆகும் ஆற்றலும் அயனிகளை நீர் சூழ்வதால் கிடைக்கும் ஆற்றலும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால், உப்பு கரையும்போது நீர் மிகச் சிறிதளவே குளிர்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பது இதன் மறுதலை: வெயிலில் கடல்நீர் வற்ற வற்ற, அயனிகளைச் சூழப் போதிய நீர் இல்லாமல் போய் அவை மீண்டும் படிகமாகச் சேர்கின்றன. குறைவாகக் கரையும் கால்சியம் சல்பேட் முன்னதாகவே படிகிறது. அடுத்துச் சோடியம் குளோரைடு விளைகிறது. மக்னீசிய உப்புகளோ பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன.

மின்சுமையையும் அயனியின் பருமனையும் மாற்றினால் பொருளின் நிலையும் மாறும். அயனிகள் இரட்டை மின்சுமை பெற்றுள்ள மக்னீசியம் ஆக்சைடு 2800 டிகிரிக்கும் மேல்தான் உருகுகிறது; ஆகவே உலைகளின் உட்சுவர்களுக்குரிய செங்கற்கள் அதைக் கொண்டு செய்யப்படுகின்றன. மாறாக, 1914இல் பால் வால்டன் ஆராய்ந்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியிலேயே உருகி, அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கிறது. அதுவும் ஓர் உப்புதான். ஆனால் அதன் அயனிகள் பெரியவை, ஒழுங்கற்ற வடிவின, ஆகவே நெருங்கி அடுக்கப்பட இயலாதவை. அயனித் திரவங்கள் எனப்படும் இத்தகைய பொருள்கள் இன்று தனியோர் ஆய்வுத் துறையாகவே வளர்ந்துள்ளன.

எனவே அயனிப் பிணைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர், ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குச் செல்லும் அம்புக்குறியோடு பாடத்தை முடித்துவிடக் கூடாது. அந்த அம்புக்குறி அயனிகள் உருவாவதை மட்டுமே காட்டுகிறது. பிணைப்பு என்பது அதன் பிறகு எல்லா அயனிகளுக்கும் இடையே எல்லாத் திசைகளிலும் செயல்படும் ஈர்ப்பு. இதை உணர்ந்த மாணவருக்கு உப்பின் உயர்ந்த உருகுநிலை, அதன் மின்கடத்தும் தன்மை, நீரில் கரையும் பண்பு ஆகியவை தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய செய்திகளாக இருப்பதில்லை. ஒரே காரணத்திலிருந்து தாமே வருவித்துக்கொள்ளக்கூடிய முடிவுகளாகிவிடுகின்றன.