காரை விற்கச் சொல்வதற்கு முன்



கணவர் உயிரைப் போல் வைத்திருக்கும் ஒரு பொருளைக் குடும்ப வசதிக்காக விற்றுவிடும்படி மனைவி கேட்கலாமா? இது பழைய கேள்வி. ஒரு காலத்தில் அந்தப் பொருள் புறாக் கூடாக இருந்தது; பின்னர் மோட்டார் சைக்கிளாக இருந்தது. அண்மையில் அது ஒரு ஸ்போர்ட்ஸ் காராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

காரில் வந்தவர் என்னிடம் ஓதிய மாணவர். மாவனல்லைப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் அவருடைய உம்மா. முழங்கால் வருத்தம் உள்ளவர் என்பதால் மகன் ஒரு கையையும் என் மனைவி மறு கையையும் பிடித்து, கிணற்றிலிருந்து தூக்குவது போல்தான் அவரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. சற்று நேரத்தில் ஓர் ஆட்டோ வந்தது. அதிலிருந்து மருமகள் இறங்கினார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு 2022இல் பிறந்த மூத்த பிள்ளை. வீட்டில் கார் இருக்க அவர் ஏன் ஆட்டோவில் வந்தார் என்பதுதான் வழக்கு.

"நாலு சீட் இருக்கு ஹஸரத். இவக்குத்தான் ஏற விருப்பமில்ல" என்றார் மாணவர்.

"வீண்விரயம் ஹராம்தானே ஹஸரத்? அதை மட்டும் இவருக்குச் சொல்லுங்க" என்றார் மனைவி.

இரண்டாவது பேச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குள் நடக்கும் வாக்குவாதத்தில் மார்க்கத்தைத் தடியாக எடுக்காதீர்கள். கலியாணத்துக்கு முன்னர் தன் உழைப்பில் வாங்கிய, ஓடக்கூடிய ஒரு வாகனத்தை ஹராம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அடி வாங்கியவர் காரை விற்றாலும் விற்பார். ஆனால் அடுத்த தடவை உங்கள் தையல் மெஷினுக்கோ பெருநாள் உடுப்புக்கோ அதே தடி திரும்பி வரும். நல்ல வாகனத்தின் மீது ஆசை வைப்பதும் இழிவல்ல. நபி ஸுலைமான் (அலை) அவர்களிடம் மாலை வேளையில் குதிரைகள் கொண்டுவரப்பட்ட சம்பவம் ஸூறா ஸாதில் வருகிறது. அவற்றின் கால்களிலும் கழுத்துகளிலும் அவர் கை வைத்தார் என்பதற்கு, அறுத்தார் என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு. அன்போடு தடவிக் கொடுத்தார் என்று சொன்னவர்களும் உண்டு. இமாம் தபரீ தேர்ந்தெடுத்தது இரண்டாவதை.

இனி அந்தக் காரைப் பற்றி. எனக்கு ஓட்டத் தெரிந்தது மோட்டார் சைக்கிள் மாத்திரம். என்றாலும், விற்கச் சொல்கிற பொருள் இன்னதென்று விளங்காமல் விற்கச் சொல்வது நியாயமல்ல என்பதால், அவரையே விளக்கச் சொன்னேன். அரை மணித்தியாலம் விளக்கினார். அவருடைய மனைவியும் அன்றுதான் முதன்முறையாக முழுதாகக் கேட்டாராம்.

அது மஸ்டா ஆர்எக்ஸ்-8. மற்றக் கார்களின் எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும். இதில் பிஸ்டனே இல்லை. முக்கோண வடிவான உருளி ஒன்று, முட்டை வடிவான அறைக்குள் சுழன்று கொண்டே இருக்கும். பீலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மனியரின் பெயரால் அறியப்படும் இந்த முறையை, ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1967இல் தன் கொஸ்மோ காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல நிறுவனங்கள் முயன்று கைவிட்ட பின்னரும் மஸ்டா விடவில்லை. 1991இல் பிரான்ஸின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில், இதே முறையில் இயங்கிய மஸ்டா 787பி கார் வென்றது. ஜப்பானிய நிறுவனமொன்று அப்பந்தயத்தை வென்றது அதுவே முதல் தடவை. ஆர்எக்ஸ்-8 2003 முதல் 2012 வரை உற்பத்தியானது. அதன் கியர் மாற்றும் வகைகள் சிலவற்றில் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். சுபஹுக்குப் பின்னர் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு தடவை போய் வந்தால், அன்று முழுவதும் கடையில் யார் கடன் சொன்னாலும் கோபம் வருவதில்லை என்றார் அவர். நான் நம்புகிறேன்.

ஆனால் அந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கும். அது பழுதல்ல, முக்கோணத்தின் முனைகளிலுள்ள ஸீல்களுக்கு வழுவழுப்பு வேண்டுமென்று எண்ணெயை உள்ளே செலுத்தும்படியே அதை அமைத்திருக்கிறார்கள். அந்த ஸீல்கள் தேய்ந்தால் அமுக்கம் குறையும். எஞ்சினைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். சூடேறாமல் சில அடி நகர்த்திவிட்டு நிறுத்தினால், உள்ளே பெற்றோல் தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகும். பக்கத்து வீட்டு லொறிக்கு வழிவிட மனைவி ஒரு நாள் காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தியிருக்கிறார். மறுநாள் காலை எழுந்த சண்டை அதனால்தான். தன் மேல் என்ன குற்றம் என்று அவருக்கு அன்றுவரை எவரும் சொல்லவில்லை.

இருக்கைகள் நான்கு என்பது உண்மை. பின்கதவுகளும் உண்டு, ஆனால் முன்கதவைத் திறக்காமல் பின்கதவு திறக்காது. இரண்டையும் திறந்து குழந்தையை வைக்க, பக்கத்தில் தாராளமாக இடம் வேண்டும். கிளினிக் வாசலிலோ சந்தையடியிலோ அந்த இடம் எங்கே கிடைக்கும்? பின் கண்ணாடிகள் இறங்காது. கைக்குழந்தையின் ஆசனத்தைப் பின்னோக்கிப் பொருத்தினால் முன் இருக்கையை முன்னே தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் கால் மடியாத மாமி அதில் உட்கார முடியாது. குழந்தையை முன்னுக்கு வைக்கலாமே என்றும் ஒரு பேச்சு வந்தது. சகோதரிகளே, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள்: இயங்கும் நிலையில் எயார்பேக் உள்ள முன் இருக்கையில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை ஒருபோதும் வைக்கக் கூடாது. அந்தப் பை வெடித்து விரியும் வேகம் குழந்தையின் உயிரையே எடுத்துவிடும்.

ஆக, இருக்கை நான்கு, ஆட்கள் ஐந்து. அந்த ஐந்தாவது ஆள் எப்போதும் ஒருவரேதான்.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு, எங்கே போனோம், யார் காரில் போனார், யார் ஆட்டோவில் போனார், யார் போகாமலே விட்டார் என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். எழுத வேண்டியது கணவர், மனைவியல்ல. மனைவி எழுதினால் அது முறைப்பாடாகிவிடும். அவர் எழுதினார். ஆட்டோவுக்குப் போன காசு அவர் நினைத்ததைவிட அதிகம்தான். ஆனால் அவரை உறுத்தியது அதுவல்ல. 'போகவில்லை' என்று எழுதிய இடங்களில் எல்லாம் மனைவியின் பெயரே இருந்தது. அவருடைய சாச்சியின் மகள் கலியாணத்துக்குக்கூட அவர் போகவில்லை.

இதற்கிடையில் என் மனைவிக்கு வேறொரு விடயம் தெரிய வந்தது. பெண்கள் குசினியில் பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை. 2022இல் நாடு பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. அந்த ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர்தான். நகரத்துக்குள் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் ஓடும் கார், அதை வைத்து வாரத்துக்கு 140 கிலோமீற்றர் ஓடலாம். கார் பெரும்பாலும் போர்வைக்குள்ளேயே நின்றது. சீமெந்துக்கும் கம்பிக்கும் ஆளில்லாமல் கடையும் பாதி மூடிக் கிடந்தது. அந்த வருடம் தலைப் பிள்ளையின் பேற்றுச் செலவுக்கு இந்தப் பெண் தன் வளையல்களை விற்றிருக்கிறார். மூன்று பவுண். வாப்பா போட்டது. ஒரு பிற்பகலில் கழற்றிக் கொடுத்தார், விற்றாயிற்று. அதற்கு எவரும் கூடிப் பேசவில்லை, எவரும் ஹஸரத்தைத் தேடி வரவில்லை, "உனக்குக் கஷ்டமாக இருக்குமே" என்றும் எவரும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. எங்கள் வீடுகளில் ஆணின் ஆசைப் பொருள் போவதென்றால் இரு குடும்பமும் கூடுகிறது. பெண்ணின் நகை போவது சமையலறையில் தேங்காய் முடிவது போல் நடந்துவிடுகிறது. மனைவியின் நகை மனைவியின் சொத்து. கணவனுக்கு அதில் உரிமையில்லை. பேற்றுச் செலவு யார் தலையில் என்பதும் கலியாணம் முடித்தவர்களுக்குத் தெரியாததல்ல.

அடுத்த தடவை வந்தபோது மனைவியிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். அந்த வளையல்களை நன்கொடையாகக் கொடுத்தீர்களா, கடனாகக் கொடுத்தீர்களா? சட்டத்தில் இரண்டும் வேறு. விருப்பத்தோடு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் கேட்க ஒன்றுமில்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கேட்டிருந்தா கடன் எண்டுதான் சொல்லியிருப்பேன். ஒத்தரும் கேக்கல்லயே, ஹஸரத்."

மாணவர் தலையைக் குனிந்துகொண்டார். காரை விற்பதாக அவர் சொன்னது அதற்கு மறுகிழமை. நானும் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை.

எல்லா வீட்டிலும் விற்கத்தான் வேண்டும் என்பது என் கருத்தல்ல. களுத்துறைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு நானாவிடம் பழைய எம்.ஜி.பி கார் ஒன்று இருக்கிறது; இரண்டே இருக்கை. பிள்ளைகள் எல்லோரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். பெரிய பயணத்துக்கு வீட்டில் வான் இருக்கிறது. வெள்ளி மாலையில் நானாவும் தாத்தாவும் அதில் கடற்கரைக்குப் போய் வருகிறார்கள். அதை விற்கச் சொல்லி மகன்மார் என்னிடம் வந்தபோது, உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

விற்பது என்று முடிவானால் காசுக் கணக்கை முதலில் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் சின்னக் கார்களும் எட்டாத விலைக்குப் போயின. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரும் பணம் வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். எண்ணெய் குடிக்கும் எஞ்சினை வாங்க எல்லோரும் முன்வர மாட்டார்கள். போதாத பணத்துக்கு வட்டிக் கடனில் விழுவதைவிட இன்னும் ஒரு வருடம் ஆட்டோவில் போவது மேல். அவருடைய மனைவி வெகன் ஆர் ஒன்றில் ஆசை வைத்திருந்தார்; தங்கச்சியிடம் ஒன்று இருக்கிறதாம். உயரமான இருக்கை, மாமிக்கும் லேசு. ஆனால் 660 சீசீக்கு உட்பட்ட அந்த ஜப்பானியச் சின்னக் கார்கள் நான்கு பேருக்கென்று அமைந்தவை. நான்கு இருக்கையை விற்று இன்னொரு நான்கு இருக்கையை வாங்கி என்ன பயன்? கடைசியில் அவர்கள் வாங்கியது பழைய டவுன்ஏஸ் வான். அழகில்லை. சறுக்கும் கதவு. மாமிக்காகக் கடையிலிருந்து ஒரு சின்ன இரும்புப் படி செய்து போட்டிருக்கிறார்கள்.

வாங்க வந்தவர் கண்டியைச் சேர்ந்த, இன்னும் கலியாணம் முடிக்காத இளைஞர். அமுக்கம் குறைந்திருப்பதை விற்பவர் மறைக்காமல் சொன்னார், விலையும் குறைந்தது. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது அவர் என்னிடம் ஓதிய பாடம்தான். கார் போன அன்று மனைவி அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் தேத்தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாராம். அது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். "இனியாவது நிம்மதி" என்று சொல்லும் நாளல்ல அது. 2012இல் உற்பத்தி நின்ற காரை இனி ஜப்பானிலிருந்து இறக்கவும் முடியாது. அவர் அதை அறிந்துதான் கொடுத்தார்.

வந்த பணத்தில் வளையல் கடன் முதலில் தனியாக எடுத்து வைக்கப்பட்டது. பவுண் விலை ஏறிவிட்டபடியால் பணமாகக் கொடுப்பதா, மூன்று பவுணாகவே கொடுப்பதா என்று கேட்டார். பவுணாகவே கொடுக்கச் சொன்னேன். சொந்தப் பாவனைக்கான காருக்கு ஸகாத் இல்லை. விற்ற பணம் நிஸாப் அளவில் ஒரு வருடம் கையில் கிடந்தால் அதற்கு உண்டு.

இன்னொன்று. விற்பனைத் தாளில் கையொப்பத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றுவதை வாங்குபவரிடம் விடும் வழக்கம் எங்களிடம் உண்டு. அப்படி விடாதீர்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறியதை நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதுவரை அந்தக் கார் எங்கே போய் மோதினாலும் பொலிஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.