பழைய பிளாஷும் புதிய விளக்கும்

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில், முன்னோர் கொணர்ந்த டிரங்குப் பெட்டிக்குள் பழைய பிலிம் காமிரா ஒன்றும் அதற்குரிய பிளாஷும் உறங்கிக் கிடப்பதுண்டு. அவற்றை இக்காலத்து ஸ்டூடியோ விளக்குகளோடு சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று இளைஞர் பலர் ஆவலுடன் வினவுகின்றனர். பயன்படுத்தலாம் என்பதே நம் விடை. ஆயினும் அறியாது கை வைத்தால் விலையுயர்ந்த காமிரா பாழாகும். சில வேளை உயிருக்கே ஊறு நேரும். ஆதலின் இரண்டையும் இசைவிக்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம்.

பழைய பிளாஷ் இரு வகைப்படும். முதலாவது, 1930-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த பல்பு. கண்ணாடிக் குமிழுக்குள் நிறைந்த பிராணவாயுவில் மெல்லிய உலோக இழை எரிந்து ஒளி தரும். ஒரு பல்பு ஒரு படத்துக்கே உதவும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் தில்லி நிகழ்ச்சிகளைப் படமாக்கிய ஹோமாய் வியாரவாலா (1913–2012) போன்ற பத்திரிகைப் படக்கலைஞர்கள் தொழில் புரிந்தது இந்தப் பல்புக் காலத்திலேதான். இரண்டாவது, மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை வாயுக் குழாயில் ஒரே நொடிப்பில் பாய்ச்சும் எலெக்ட்ரானிக் பிளாஷ். இன்றைய ஸ்டூடியோ பிளாஷும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

முதலில் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். பழைய எலெக்ட்ரானிக் பிளாஷ் சிலவற்றில், காமிராவோடு இணையும் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பழைய காமிராவின் உலோகத் தொடுமுனை அதனைத் தாங்கும். டிஜிட்டல் காமிராவின் நுண்ணிய மின்சுற்றுத் தாங்காமற் போகலாம். எனவே பிளாஷுக்கு முழு மின்னேற்றம் தந்து, மல்ட்டிமீட்டரால் அம்முனையை அளந்து, காமிராவின் குறிப்பேட்டில் கண்ட அளவோடு ஒப்பிட்ட பின்னரே இணைத்தல் வேண்டும். பிளாஷின் உறையைத் திறத்தல் கூடவே கூடாது. பேட்டரியை எடுத்துவிட்ட பிறகும் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக் கூடும்.

இதனினும் எளிய வழி ஒன்று உண்டு. பழைய பிளாஷைப் பழைய காமிராவிலேயே பொருத்துக. ஸ்டூடியோ விளக்குகள் பெரும்பாலானவற்றில் ஒளியுணரும் ஸ்லேவ் கண் அமைந்துள்ளது. பழைய பிளாஷ் மின்னியதும் அக்கண் அதனைக் கண்டு தன் விளக்கையும் உடனே மின்னச் செய்யும். இருவகைக் கருவிகளுக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லாமையால் தீங்குக்கும் இடமில்லை.

அடுத்தது காலப் பொருத்தம். பழைய காமிராக்கள் பலவற்றில் எம், எக்ஸ் என இரு குறிகள் உண்டு. பல்பு உச்ச ஒளியை எட்டச் சுமார் 20 மில்லி வினாடி பிடிக்கும். எம் குறி அதற்காக ஷட்டரைச் சற்றுத் தாமதப்படுத்தும். எலெக்ட்ரானிக் பிளாஷோ கணத்தில் மின்னி மறைவது. அதனை எம் குறியில் வைத்தால், ஷட்டர் திறக்குமுன்னே ஒளி முடிந்து படம் இருளாகும். ஆகவே அதற்கு எக்ஸ் குறியே ஏற்றது. பல்பும் ஸ்டூடியோ பிளாஷும் ஒரே படத்தில் விழ வேண்டுமாயின், எக்ஸ் குறியில் 1/30 வினாடி வைத்து, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுக.

நிறமும் பொருந்த வேண்டும். ஸ்டூடியோ பிளாஷின் ஒளி சுமார் 5500 கெல்வின், பகலொளியை ஒத்தது. நிறமற்ற பல்பின் ஒளியோ சற்று மஞ்சளானது. நீலப் பூச்சிட்ட பல்பு பகலொளிக்கு இணையும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இக்கவலை இல்லை. பல்பின் உள்ளே தெரியும் நீலப் புள்ளி இளஞ்சிவப்பாகியிருந்தால், காற்றுப் புகுந்துவிட்டது என அறிந்து அதனை விலக்குக.

ஒளியின் அளவுக்கு வழிகாட்டி எண் துணை செய்யும். மீட்டர்க் கணக்கில் அவ்வெண் 28 எனில், 3.5 மீட்டர் தூரத்துக்கு 28-ஐ 3.5-ஆல் வகுக்க 8 வரும்; அதுவே வைக்கத்தக்க துளை அளவு. ஸ்டூடியோ விளக்கின் மென்மையான ஒளியை முகத்துக்கு முதன்மையாக வைத்து, பழைய பிளாஷைப் பக்கவாட்டில் நிறுத்தினால், பட்டுச் சேலையின் சரிகையும் நரைத்த கூந்தலின் விளிம்பும் தனிப்பொலிவு பெறும்.

நெடுநாள் உறங்கிய பிளாஷைப் புதிய பேட்டரியிட்டு, சிறு இடைவெளி விட்டுச் சில முறை மின்னச் செய்து பழக்குக. வெப்பமோ தீய்ந்த வாடையோ தோன்றின் உடனே நிறுத்திவிடுக. அத்தகைய கருவி அலமாரியில் அழகுப் பொருளாக இருத்தலே நன்று. நற்கருவியாயின், வீட்டு முதியோரை அதன் ஒளியில் அமர்த்திப் படமெடுங்கள். படத்தின் பின்புறம் அவர்தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தமிழில் எழுதி வையுங்கள். அயல்மொழிச் சூழலில் வளரும் நம் பேரக்குழந்தைகளுக்கு அந்த எழுத்தும் படத்தைப் போன்றே அருமையுடையதாகும்.