ஆறு இலக்கங்களைச் சொன்ன பிறகு

அன்று சனிக்கிழமை. உம்மாவின் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. "அஸ்வெசும காரியாலயத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் கொடுப்பனவு கூடியிருக்கிறது. வங்கி விபரத்தைச் சரிபார்க்க வேண்டும்" என்றார் ஒருவர். உம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. அடையாள அட்டை இலக்கம், வங்கி அட்டை இலக்கம், கடைசியாகக் குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கங்கள், எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னவள் நான்தான். சனிக்கிழமையில் காரியாலயம் மூடியிருக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. சற்று நேரத்தில் கணக்கிலிருந்த பணம் முழுவதும் போய்விட்டது.

சமுர்த்திக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட அஸ்வெசும கொடுப்பனவு நேரடியாக வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்படுகிறது. மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் அந்தக் கணக்கைத்தான். குறுஞ்செய்தியில் வரும் இலக்கம் வீட்டுத் திறப்பைப் போன்றது. அதைச் சொல்பவரைக் கணக்கின் சொந்தக்காரர் என்றே வங்கியின் கணினி நம்புகிறது.

ஆனால் நாங்கள் செய்த பெரிய பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. வாப்பா ஏசுவார் என்று பயந்து திங்கட்கிழமை வரை ஒருவருக்கும் சொல்லவில்லை. வங்கிக் கிளை மூடியிருந்தாலும் 24 மணிநேரத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. அதன் இலக்கம் வங்கி அட்டையின் பின்புறத்திலேயே இருந்தது. உடனே அழைத்திருந்தால் அட்டையையும் கணக்கையும் முடக்கியிருக்கலாம். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்திவைக்கும்படி மற்ற வங்கியைக் கேட்கவும் வாய்ப்பிருந்தது. பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றால் மீட்பது மிகக் கடினம்.

இப்படி ஒன்று நடந்தால் செய்ய வேண்டியவை இவை:

முதலில் வங்கிக்கு அழையுங்கள். அழைத்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள். பின்னர் எழுத்திலும் முறையிடுங்கள். வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

இரண்டாவது, எதையும் அழிக்க வேண்டாம். நான் வெட்கத்தில் அந்தக் குறுஞ்செய்திகளை அழிக்கப் போனேன். ராத்தாதான் தடுத்தார். அழைத்த இலக்கமும் நேரமும் குறுஞ்செய்தியும் வங்கிக் கூற்றுமே சாட்சிகள்.

மூன்றாவது, பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். இதைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. ஆலோசனைக்கு 'ஸ்ரீலங்கா சேர்ட்' நிறுவனத்தின் இலக்கம் 101.

நான்காவது, பிரதேச செயலகத்துக்கு அறிவியுங்கள். கள்வன் கையிலுள்ள கணக்குக்கு அடுத்த மாதக் கொடுப்பனவும் போய்ச் சேரக்கூடாது. கணக்கை முடக்கியிருந்தால் கொடுப்பனவை எப்படிப் பெறுவது என்றும் கேளுங்கள். நலன்புரி நன்மைகள் சபையை 1924 இலக்கத்தில் அழைக்கலாம்.

இன்னுமோர் எச்சரிக்கை. பணத்தை இழந்தவர்களுக்கு இரண்டாவது அழைப்பும் வரலாம். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் அனுப்புங்கள்" என்பார்கள். ஒருமுறை ஏமாந்தவரை மீண்டும் ஏமாற்றும் வழி இது.

திங்கட்கிழமை விஷயத்தைக் கேட்ட வாப்பா ஏசவில்லை. "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மகள்" என்று மட்டும் சொன்னார். போன பணம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் முறைப்பாடு பதிவாகியிருக்கிறது. உம்மாவின் கொடுப்பனவு இப்போது புதிய கணக்குக்கு வருகிறது.

தோழிகளே, நம்மில் பலரது வீடுகளில் குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்பவர்கள் நாம்தான். அந்த இலக்கங்களை எவருக்கும் சொல்லாதிருப்போம். தவறிச் சொல்லிவிட்டால் அந்த நிமிடமே வீட்டில் சொல்வோம். ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும். நாம் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவனுக்கே இலாபம்.