கமரா உங்களுடையது, பெட்டி யாருடையது?

2020 ஜூன் 19 இரவு, தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் ஜெயராஜைப் பொலிஸார் கொண்டுபோனார்கள். அவரைத் தேடி நிலையத்துக்குப் போன மகன் பென்னிக்ஸும் அங்கேயே பிடித்துவைக்கப்பட்டார். ஊரடங்கில் அனுமதித்த நேரம் கடந்தும் அவர்களுடைய கடை திறந்திருந்தது என்பது குற்றச்சாட்டு. அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்துபோனார்கள். தரையில் உருண்டு புரண்டு தாங்களே காயப்பட்டுக்கொண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடைக் கமராவில் பதிவானதோ அதற்கு நேர்மாறாக இருந்தது. பொலிஸ் நிலையத்திலும் கமரா இருக்கத்தான் செய்தது. ஆனால் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கு அன்றிரவின் காட்சி கிடைக்கவில்லை. பதிவுப் பெட்டியில் 1 டெராபைட் இடம் இருந்தும், அந்தந்த நாள் பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அது அமைக்கப்பட்டிருந்தது என்று அவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார்.

அதே வகைப் பெட்டிதான் இன்று மாத்தளை மாவட்டத்தில் எங்கள் பல்லேபொலவில் மிளகு வாங்கும் கடையிலும், பாமசியிலும், ரியூஷன் வகுப்பு மண்டபத்திலும், வெளிநாட்டுக் காசில் கட்டிய வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் மாவட்டம் மிளகுக்குப் பேர்போனது. முற்றத்தில் காயப்போட்ட மிளகு ஓர் இரவில் காணாமற்போனால் ஒரு குடும்பத்தின் பல மாத வரும்படி போய்விடும். 2019 உயிர்த்த ஞாயிறன்று கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தை நோக்கி முதுகுப் பையோடு நடந்துபோனவனின் காட்சியை நாடே பார்த்தது. ஆகவே கமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கமராவைப் பற்றி எவ்வளவோ விசாரிக்கிறோம். எத்தனை மெகாபிக்சல், இருட்டில் தெரியுமா, மழை பட்டால் பழுதாகுமா என்றெல்லாம் கேட்கிறோம். பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆபத்து முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பழைய வகைக் கமராக்கள் வயரில் அனுப்பும் காட்சியைச் சேமிப்பது டிவிஆர். இணைய வயரில் ஓடும் ஐபி கமராக்களுக்கு உரியது என்விஆர். பெயர் எதுவானாலும், உள்ளே ஹாட் டிஸ்க் வைத்த, வலையமைப்பில் இணைக்கப்பட்ட ஒரு கணினிதான் அது. பார்த்தால் அப்படித் தெரியாததால் யாரும் அதைக் கணினியாக மதிப்பதில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 கிகாபைட் ஆகும். நான்கு கமராவுக்கு 86. அப்படியானால் 1 டெராபைட் டிஸ்க் பதினொரு நாளைக்குமேல் தாங்காது. அதன்பின் புதிய பதிவு பழைய பதிவின் மேலேயே எழுதப்படும். புத்தாண்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் கழித்து வந்து பார்ப்பவருக்கு, முதல் நாளே திருட்டு நடந்திருந்தால் அதன் சுவடுகூட மிஞ்சாது. எத்தனை நாள் பதிவு வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, பிறகு டிஸ்க்கை வாங்குங்கள். அசைவு தெரியும்போது மட்டும் பதியும்படி வைத்தால் நாட்கள் கூடும். ஆனால் தூரத்து அசைவைக் கருவி சிலவேளை தவறவிட்டுவிடும். கண்காணிப்புக்கென்றே செய்த, இருபத்துநான்கு மணி நேரமும் எழுதத் தாங்கும் டிஸ்க்கையே கேட்டு வாங்குங்கள். பழைய கணினியிலிருந்து கழற்றியதைப் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது யூபிஎஸ் இல்லாத பெட்டிகளெல்லாம் அணைந்துபோயின. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்கும் எங்கள் பக்கத்தில், கூரையிலிருந்து வரும் நீண்ட வயர் மின்னலை நேரே பெட்டிக்குக் கொண்டுவரும். பெட்டியைக் காசு மேசைக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால் கள்ளன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். காற்றோட்டம் உள்ள, பூட்டக்கூடிய அலுமாரி ஒன்று போதும்.

இனி, பெட்டியின் கதவு யார் கையில் என்று பார்ப்போம். மாத்தளையிலிருந்தோ தம்புள்ளையிலிருந்தோ கமரா பொருத்த வரும் தம்பி வயரை இழுத்து, கமராவை முடுக்கி, பெட்டியை ஓடவிடுவார். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சதுரக் குறியீட்டைத் தன்னுடைய போனால் ஸ்கேன் செய்து, தன் கணக்கிலேயே கருவியைச் சேர்ப்பார். பிறகு உங்கள் போனிலும் செயலியை இறக்கி, அங்கிருந்து 'பகிர்ந்து' விடுவார். உங்கள் போனில் கடை தெரிகிறது, உங்களுக்குத் திருப்தி. ஆனால் செயலியின் கணக்கில் உரிமையாளர் அவர்தான், நீங்கள் விருந்தாளி. வீடு கட்டிய மேசன் சாவியில் ஒன்றைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டது போன்ற நிலை இது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய போன் தொலையலாம், வேலையை விட்டு அவர் போகலாம், அதே கடவுச்சொல்லை நூறு வீட்டுக்கும் வைத்திருக்கலாம். ஆகையால் காசைக் கொடுக்கும் முன் உங்கள் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் தொடங்கி, கருவியை அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டியின் நிர்வாகிக் கடவுச்சொல்லை அவர் போன பிறகு நீங்களே மாற்றுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒழுங்காகத் தொழில் செய்பவர் தானாகவே அப்படித்தான் செய்வார்.

கடவுச்சொல் சின்ன விஷயமல்ல. 2016 இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்த அறுபதுக்குச் சற்றுக் கூடிய சோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் றவுட்டர்களையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு ஒக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே அமெரிக்காவில் ருவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்டன. கருவிகளின் சொந்தக்காரர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது.

அதைவிட மனதை நோகடிப்பது 2025 பெப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் அறைக் கமராவின் காட்சிகள் களவாடப்பட்டு, யூரியூப்பில் மாதிரி காட்டப்பட்டு, ரெலிகிராமில் காசுக்கு விற்கப்பட்டன. எவரும் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லே அங்கே இருந்தது என்று செய்திகள் வந்தன. கடவுச்சொல்லுக்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. பரிசோதனை அறைக்குள் கமராவுக்கு என்ன வேலை? துணி மாற்றும் இடம், மலசலகூடம், ஊசி போடும் மறைவு, தங்கும் அறை ஆகியவற்றில் பாதுகாப்பின் பெயரால்கூடக் கமரா வைக்கக்கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக றவுட்டரில் 'போர்ட் போர்வடிங்' என்று வெளியிலிருந்து நேரே பெட்டிக்கு வழி திறந்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படித் திறந்த பெட்டி உலகம் முழுவதுக்கும் தெரியும். இணையத்தை இரவு பகலாகத் துழாவும் நிரல்கள் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுப்பதில்லை. 2021 செப்டெம்பரில் ஹிக்விஷன் என்ற கமரா நிறுவனத்தின் கருவிகள் பலவற்றில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை வெளிவந்து, நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தத்தைப் பெட்டியில் ஏற்றாதவர்களுக்கு எவ்வளவு நீளமான கடவுச்சொல்லும் உதவாது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்துத் தரும் பொறுப்பையும் பொருத்துபவருடன் பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பதே சட்டவிரோதம்.

அடுத்தது, கமரா எதைப் பார்க்கிறது என்பது. எங்கள் கிராமங்களில் குளிப்பது பெரும்பாலும் கிணற்றடியில், இல்லாவிட்டால் ஓடையில். பக்கத்து வீட்டுக்காரர் மிளகு முற்றத்தைப் பார்க்க வைத்த கமராவின் ஒரு மூலையில் உங்கள் கிணற்றடி விழுந்தால், உங்கள் வீட்டுப் பெண்கள் குளிப்பது நாள்தோறும் ஒரு டிஸ்க்கில் எழுதப்படுகிறது. கமராவைத் திருப்ப முடியாவிட்டாலும் தீர்வு உண்டு. அநேகமாக எல்லாப் பெட்டிகளிலும் 'பிரைவசி மாஸ்க்' என்றொரு வசதி இருக்கிறது. திரையில் அந்த மூலையின்மேல் ஒரு கட்டத்தை வரைந்தால், அந்தப் பகுதி கறுப்பாகிப் பதிவிலும் விழாது. ஐந்து நிமிட வேலை. அயலவரிடம் முதலில் நேரில் போய்க் கேளுங்கள், தன் போனில் காட்டும்படி சொல்லுங்கள். பலருக்குத் தங்கள் கமரா எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதே தெரியாது. கேட்டும் மறுத்தால், 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணி தேவையில்லை. வேண்டுமென்றே திருப்பி வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் பொலிஸுக்குப் போவதே சரி.

சட்டம் எங்கே நிற்கிறது? எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கக் கேட்கவும், எதிர்ப்புத் தெரிவிக்கவும், அழிக்கச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. அடையாளம் தெரியும் முகமும் அதன்படி தனிப்பட்ட தரவுதான். ஆனால் அந்த உரிமைப் பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்து, தள்ளிவைக்கப்பட்டன. மக்களுக்கு மிகவும் தேவையான பகுதியே இப்படி இழுபட்டது எனக்குப் பெரிய வருத்தம். முற்றிலும் வீட்டுத் தேவைக்கான பதிவுக்கு அந்தச் சட்டம் விலக்கும் அளிக்கிறது. வீட்டுக் கமரா பொதுத் தெருவைப் பிடித்தால் அது வீட்டு விஷயம் மட்டுமல்ல என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு செக் நாட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. இலங்கையை அது கட்டுப்படுத்தாது. என்றாலும், தெருவைப் பிடிக்கும் கமரா வைத்திருப்பவர் அதை மனதில் கொள்வது நல்லது.

இன்றைக்கே கையில் இருக்கும் ஆயுதம் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைந்தால் ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்தாலும் நுழைந்தவர் குற்றவாளிதான். நம்பிக் கொடுத்த கடவுச்சொல்லை அனுமதியின்றி மற்றவருக்குச் சொல்வதும் இந்தச் சட்டத்தில் குற்றம்.

உங்கள் காட்சியோ உங்கள் பிள்ளையின் காட்சியோ வெளியே போய்விட்டது தெரிந்தால், முதலில் றவுட்டரிலிருந்து பெட்டியின் வயரைக் கழற்றுங்கள். பெட்டியை அணைக்கவோ பழைய நிலைக்கு மீட்டமைக்கவோ வேண்டாம், யார் எப்போது நுழைந்தார் என்ற குறிப்பு அதற்குள் இருக்கும். காட்சி வந்த பக்கத்தின் முகவரியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். உதவி கேட்பதற்காகக்கூட அந்த வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அதுவே பரவலாகிவிடும். இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவான சேர்ட்டை 101 இல் அழைக்கலாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929, பெண்களுக்கு 1938. முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்க அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்திட வேண்டாம்.

பிரதேச சபையோ வேறு அரச அலுவலகமோ சந்தியில் கமரா வைத்திருந்தால், பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கிறார்கள், பராமரிப்பு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைக் குடிமக்கள் எவரும் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பதிவை வழக்கில் பயன்படுத்த நினைப்பவர்கள் 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை, அல்லது எப்போதும் பத்திரமான பொறுப்பில் இருந்தது என்று காட்ட வேண்டும். பெட்டியின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தாலே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொள்வார். ஆகவே நேரத்தை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். சம்பவம் நடந்தால் அன்றே யூஎஸ்பியில் இரண்டு பிரதி எடுத்து, எடுத்தவர் பெயர், நாள், நேரம், பெட்டி காட்டிய நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பொலிஸார் பதிவைக் கேட்டு வந்தால் ஒரு பிரதியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்குங்கள். டிஸ்க்கையே கேட்டால், அதன் இலக்கத்தையும் அந்த எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.